முதல் பக்கம் பிரமாதம்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு கவிதை வாசிக்கணும்.

அஞ்சாறு வரி. ரெண்டு நிமிஷம். மேடை, மைக், தண்ணி பாட்டில் எல்லாம் அங்கயே இருக்கும். ஏறி நின்னு வாசிச்சிட்டு எறங்கினாப் போதும்.

கவிதை என் பொண்டாட்டி எழுதினது. பேரு பார்வதி, பாளையங்கோட்டைக்காரி. என்னைக் கட்டிக்கிட்டு திருவனந்தபுரம் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வந்த நாள்லேருந்து நோட்டு நோட்டா எழுதுவா. அதையெல்லாம் சேர்த்து இப்ப ஒரு புஸ்தகமாப் போட்டாச்சு. பேரு 'ஈரத் துண்டு'. பின் அட்டைல 'வாழ்க்கை அனுபவங்களும் உணர்வுகளும் கலந்த கவிதைகள்'னு போட்டிருக்காம்.

'போட்டிருக்காம்'னு ஏன் சொல்றேன்னா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

சிரிச்சு முடிச்சாச்சா? செரி, மேல கேளுங்க.

பேசுறதுக்கு ஒரு கொறையும் இல்ல. எங்க குடும்பம் நாகர்கோவில் பக்கத்துலேருந்து வந்து ஆரியசாலைல மொளகா வத்தல், மல்லி, புளி மொத்த வியாபாரம் பண்ணுது. வீட்டுல தமிழ். கடைல பாதி தமிழ், பாதி மலையாளம். பள்ளிக்கூடத்துல முழு மலையாளம். என்கூடப் படிச்ச தமிழ்ப் பயலுவ பாதிப் பேரு இப்படித்தான். வாய் தமிழ் பேசும், கண்ணு பேசாது. மலையாள எழுத்தப் பாத்து ஜாங்கிரின்னு நீங்க சிரிப்பீங்க. எனக்கு ஒங்க எழுத்து மேசை நாற்காலிய அடுக்கி வச்ச மாதிரித்தான் தெரியும்.

இதக்கூட நான் எழுதல. போன்ல பேசுறேன், அது எழுதிக்குது. தப்பு இருந்தா போன்கிட்ட கேளுங்க.

வாசிக்கத் தெரியாதது குத்தம் இல்ல. தெரியும்னு சொன்னேன் பாருங்க, அதுதான் குத்தம்.

பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு பார்வதி என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. தமிழ் புஸ்தகம் வாசிக்குற பழக்கம் உண்டான்னு. உண்டுன்னு சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான்தான் பெரிய ஆளாச்சே. வாசிக்காமத் தூக்கமே வராதுன்னு சொல்லிட்டேன். அவ மொகத்துல ஒரு சந்தோஷம் வந்துச்சு. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்ல?

இருபத்திரண்டு வருஷம் ஓட்டினேன். அது லேசான வேலைன்னு நெனைக்காதீங்க.

அவ எழுதி முடிச்சு நோட்ட நீட்டினா, நீயே வாசி, ஒன் குரல்ல கேட்டாத்தான் நல்லாருக்கும்னு சொல்லுவேன். அவ வாசிப்பா. எனக்குக் காதுல விழும், மண்டைல ஏறாது. கவிதைன்னா என்ன? ஒரு வரிய ஒழுங்கா முடிக்கத் தெரியாம நாலா ஒடச்சுப் போடுறது. ஒடஞ்ச வத்தலுக்கே சந்தைல வெல கொறச்சல். ஆனா முடியுறப்ப தலையாட்டிருவேன். பிரமாதம்பேன். காலையில தமிழ் பேப்பர விரிச்சு அரை மணி நேரம் படம் பாப்பேன்.

ஒரு நாள் பேப்பர்ல மாலை போட்ட ஒருத்தர் படம் பெருசா வந்திருந்துச்சு. சும்மா இருந்திருக்கலாம். இவருக்கு ஏதோ விருது குடுத்திருக்காங்க, நல்ல மனுஷன்னு எடுத்து விட்டேன். பார்வதி எட்டிப் பாத்தா. ஆமா, பெரிய விருதுதான்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நம்ம கெட்டிக்காரத்தனத்த நானே மெச்சிக்கிட்டேன்.

புஸ்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னால நாகர்கோவில் அச்சகத்துலேருந்து ஒரு மாதிரிப் படி வந்துச்சு. பார்வதி அத என் மடில வச்சா. மொதல் பக்கத்த மட்டும் பாருங்க, அப்படியே போடலாமான்னு கேட்டா. நான் கண்ணாடியப் போட்டு, கழட்டி, தொடச்சு, மறுபடியும் போட்டு, மொதல் பக்கத்த நல்லா உத்துப் பாத்தேன். ரெண்டே ரெண்டு வரிதான் இருந்துச்சு.

"மொதல் பக்கமே பிரமாதம்"னேன்.

"வேற ஒண்ணும் மாத்த வேண்டாமே?"

"ஒரு எழுத்தக்கூட மாத்தாத."

அவ புஸ்தகத்த மூடி எடுத்துட்டுப் போயிட்டா.

சனிக்கிழமைக்கு வருவோம். காலையில கடைக்குக் கெளம்பும்போது பார்வதி புஸ்தகத்தையும் இஸ்திரி போட்ட ஒரு புதுச் சட்டையையும் பைல வச்சுக் குடுத்தா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிழக்கேகோட்டை பக்கத்துல ஒரு சின்ன ஹால்ல வெளியீடு. கடையிலேருந்து நேரா வரணும், வந்ததும் ஒரு கவிதை நான் வாசிக்கணும்னு சொன்னா.

நானான்னு கேட்டேன். தொண்ட சரியில்லன்னும் சொல்லிப் பாத்தேன்.

அவ நிதானமாச் சொன்னா.

"அண்ணன் வாரான். ஒன் வீட்டுக்காரருக்குக் கவிதையெல்லாம் ஏறுமான்னு போன்ல கேட்டுச் சிரிச்சான். ஏறும்னு சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணு வாசிங்க, போதும். அவன் முன்னால எனக்குத் தல குனிய வச்சிராதீங்க."

அண்ணன்னா ஆறுமுகம் மச்சான். பாளையங்கோட்டைல தமிழ் வாத்தியார். நம்ம வீட்டுக்கு வந்தா தோள்ல துண்டோட நாற்காலில உக்காந்து, காப்பி வரலியான்னு கேக்குற ஆளு. வத்தல் யாவாரின்னா அவருக்கு எளக்காரம். என் கல்யாணத்துலயே, நம்ம புள்ளைய மூட்டைக்கு நடுவுல கொண்டு விடுறோமேன்னு எவர்கிட்டயோ சொன்னது என் காதுல விழுந்துச்சு. இன்னும் அது காதுலேருந்து எறங்கல.

அதனால வாசிச்சே தீரணும். எனக்காக இல்ல. இருபத்திரண்டு வருஷத்துல அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்.

வாசல் வரைக்கும் வந்தவ, சட்டைப் பைல ஒண்ணு மடிச்சு வச்சிருக்கேன், மேடை ஏறும்போது பாத்துக்கிடுங்கன்னு சொன்னா. எனக்குத் தெரியாதா? நல்ல காரியத்துக்குப் போனா ஒரு பொட்டலம் விபூதி மடிச்சு வைக்குறது அவ வழக்கம். செரி செரின்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன்.

வழி முழுக்க யோசிச்சேன். எவனாவது ஒருத்தன் எனக்கு வாசிச்சுக் காட்டினா, நான் மலையாள எழுத்துல அதத் தாள்ல எழுதிக்கிடலாம். தாள புஸ்தகத்துக்குள்ள வச்சு, புஸ்தகத்தப் பாக்குற மாதிரி தாளப் பாத்து வாசிச்சிரலாம். என் அறிவ நெனச்சு எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

மொதல்ல போன்கிட்டயே கேட்டேன். படம் எடுத்துக் காட்டினா மலையாளத்துல மாத்தித் தரும்னு ஒரு விஷயம் இருக்குல்ல? இருக்குறதுலயே ரொம்பச் சின்னக் கவிதையாப் பாத்து எடுத்துக் காட்டினேன். நனஞ்ச துணி, படுக்கை, உலர்த்துதல்னு என்னமோ வந்துச்சு. தொவைக்குற மெஷினோட குறிப்புப் புஸ்தகம் கணக்கா இருந்துச்சு. இதுக்கா இம்புட்டு வருஷம் நோட்டு வாங்கிக் குடுத்தேன்னு தோணிச்சு. போன அணைச்சு வச்சேன்.

அடுத்தது மனுஷன். ஆனா எவன்கிட்ட கேக்க? பக்கத்துக் கடைத் தமிழாளுங்ககிட்ட கேட்டா மத்தியானத்துக்குள்ள பழவங்காடி வரைக்கும் தெரிஞ்சிரும்.

அப்பதான் விருதுநகர் லோடு வந்துச்சு. எறக்க தங்கப்பன் வந்தான்.

தங்கப்பன் எங்க தெரு சுமட்டுத் தொழிலாளி. நீலச் சட்டை, தலைல துண்டு, அம்பது வயசு. எங்க தெருவுல மூட்டையத் தொடுற உரிமை அவங்க சங்கத்துக்குத்தான். என் சரக்கு, என் கடை, ஆனா நான் என் மூட்டைல கை வச்சா அவன் இடுப்புல கை வச்சு நிப்பான். பதினஞ்சு வருஷமா அவன்கிட்ட நான் மலையாளத்துலதான் பேசுறேன். வேற என்ன தெரியப்போவுது இவனுக்குன்னு ஒரு நெனப்பு.

அன்னைக்கு மூட்டைய எறக்கிக்கிட்டே, இது குண்டு வத்தல், இது நீட்டு, இதுல போன வருஷச் சரக்குன்னு எழுதியிருக்கு, பாத்து எடுங்கன்னு சொல்லிட்டுப் போறான்.

எழுதியிருக்கா? நான் இத்தன வருஷமா மூட்டைய மோந்து பாத்துல்லா தரம் பிரிக்கேன்!

கேட்டா, அவன் களியக்காவிளைக்காரன். பத்தாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம். இவ்வளவு நாளா மூட்டைல இருக்குறத மொதலாளி வாசிக்காம மூக்க வச்சுப் பாக்குறது ஏதோ யாவார ரகசியம்னு நெனச்சிருக்கான்.

ஒரு சாயாவும் ரெண்டு பழம்பொரியும் வாங்கிக் குடுத்து, கண்ணுக்குக் கண்ணாடி எடுக்கலன்னு சொல்லி, புஸ்தகத்த நீட்டினேன். கண்ணாடி என் மூக்கு மேலயே இருந்துச்சு. அவன் அதப் பாத்தான்.

"கவிதைய எறக்குறதும் நம்ம பணிதானா மொதலாளி?"ன்னு மட்டும் கேட்டுட்டு, மூட்டை மேல உக்காந்து ஆரம்பிச்சான்.

சும்மா சொல்லக்கூடாது, கோயில்ல படிக்குற மாதிரி நிறுத்தி நிதானமா வாசிச்சான்.

மொதல் கவிதைல ஒரு புருஷன் வாரான். பொண்டாட்டிக்குக் காச்சல். எந்திரிக்க முடியாமக் கெடக்கா. இவன் கதவுகிட்ட வந்து நின்னு, இன்னைக்குக் காப்பி கெடையாதான்னு கேக்கான்.

எனக்கு வந்துச்சே கோவம். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா, காச்சல்ல கெடக்குறவகிட்ட காப்பி கேக்குறவன வாசல்ல நிறுத்திச் செருப்பால அடிக்கணும்னு சொன்னேன்.

தங்கப்பன் புஸ்தகத்துலேருந்து தலையத் தூக்கினான். போன மாசம் ஒங்க வீட்டுலயும் காச்சல்னு சொன்னீங்களேன்னு கேட்டான்.

ஆமா, பாவம் மூணு நாள் கெடந்தா, அந்த மூணு நாளும் காலையில காப்பி இல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்னு சொன்னேன்.

அவன் பழம்பொரிய ஒரு கடி கடிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பினான்.

ரெண்டாவதுலயும் அதே ஆளு. அஞ்சே நிமிஷத்துல வாரேன்னு போன்ல சொல்லுதான். சோறு ஆறுது, கொழம்பு ஆறுது, கடைசில அவளும் ஆறிப் போறா. இவன் வந்து உக்காந்து, எல்லாம் ஏன் ஆறிக் கெடக்குன்னு கேக்கான். பேச்சப் பாருங்க தடியனுக்கு! நான் தொடையத் தட்டிச் சிரிச்சேன். சிரிச்சிட்டு இருக்கும்போதே பார்வதி போன் பண்ணினா. மத்தியானம் சாப்பிட வாரீங்களான்னு கேட்டா. அஞ்சு நிமிஷத்துல வாரேன்னு சொல்லி வச்சேன்.

தங்கப்பன் ரெண்டாவது பழம்பொரிய எடுத்து வாயில போட்டுக்கிட்டான்.

மூணாவதுதான் நான் தேடின சின்னக் கவிதை. புஸ்தகத்தோட பேரும் அதான்.

*கட்டிலின் மேல்*
*ஈரத் துண்டு.*
*எடுத்துக் காயப்போட*
*ஒருத்தி.*
*சாயங்காலத்துக்குள்*
*துண்டு காய்ந்துவிடுகிறது.*

அவ்வளவுதான். துண்டு காயுது, அப்ப காயாதது என்னன்னு நெனச்சப்ப அந்தப் பொம்பள மேல பாவமா இருந்துச்சு. பெறவு அந்த ஆளு மேல மறுபடியும் கோவம் வந்துச்சு. குளிச்சிட்டு ஈரத் துண்டக் கட்டில்ல போடுவானா ஒரு மனுஷன்? மாட்டுக்குக்கூட கெடக்குற எடம் காஞ்சிருக்கணும்னு தெரியுமே. எங்க வீட்டுல எல்லாம் துண்டு எப்பப் பாத்தாலும் கொடியிலதான் கெடக்கும்னு தங்கப்பன்கிட்ட பெருமையாச் சொன்னேன்.

"மொதலாளிக்கு ஆளு யாருன்னு மனசிலாச்சா?"ன்னு கேட்டான்.

மனசிலாகாம என்ன? தோள்ல துண்டு. காப்பி கேக்குறது. வேற யாரு, ஆறுமுகம் மச்சான்தான். அண்ணன் வீட்டுல அண்ணி படுற பாட்டப் பாத்துட்டு வந்து எழுதியிருக்கா. எழுதினவ சொல்ல முடியாது. நான் சொல்லலாமே!

என் புத்தி அப்ப பறந்துச்சு பாருங்க. மேடைல மச்சான் முன்னாலயே அந்தக் கவிதைய வாசிக்கணும். வாசிச்சு முடிச்சு நாலு வார்த்த நறுக்குன்னு சொல்லணும். வத்தல் யாவாரி சொன்னா எப்படி எரியும்னு அவருக்குத் தெரியணும்.

மச்சான் கதைய தங்கப்பன்கிட்டயும் சொன்னேன். அவன் தலைத் துண்ட அவுத்து வாயத் தொடச்சுக்கிட்டு, செரி, அதையே வாசிங்கன்னான். கூட்டத்துக்குத் தானும் வரலாமான்னு கேட்டான். வாடா, ஆளுங்களையும் கூட்டிட்டு வான்னு சொன்னேன். கை தட்ட ஆளு வேணும்ல.

கவிதைய மலையாளத்துல எழுதிக்கிட்டேன். அஞ்சு வாட்டி சொல்லிப் பாத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக மறந்துட்டேன்.

நாலரைக்குப் புதுச் சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பி, பழவங்காடில எறங்கி பிள்ளையாருக்கு ஒரு தேங்கா எறிஞ்சேன். ஒரே எறிதான், சுக்கு நூறாச் சிதறிச்சு. நல்ல சகுனம்னு எடுத்துக்கிட்டேன். ஒடையப் போறது வேற என்னென்னன்னு அப்ப எனக்கு யாரு சொல்ல?

ஹால்ல அம்பது அறுவது பேரு இருந்தாங்க. மொதல் வரிசைல ஆறுமுகம் மச்சான், தோள்ல துண்டு இல்லாட்டாலும் மொகத்துல அதே எளக்காரம். கடைசி வரிசைல தங்கப்பனும் நீலச் சட்டைக்காரங்க எட்டுப் பேரும். மூட்டை எறக்க வந்தப்பகூட அம்புட்டு ஆவலா நான் அவங்களப் பாத்ததில்ல.

சிறப்பு விருந்தினரா ஒரு பேராசிரியர். வேலையிலேருந்து ஓய்வு வாங்கினவர், பேச்சுலேருந்து இன்னும் வாங்கல. முக்கால் மணி நேரம் பேசினார். வாழ்வனுபவம், உணர்வுப் பெருக்கு, அகவெளின்னு என்னமோ சொல்லிட்டே போனார். முன்னால இருந்த ஒரு அம்மா நல்லாத் தூங்கினாங்க.

அப்புறம் என் பேரக் கூப்பிட்டாங்க.

ஏறினேன். பார்வதி மேடைல ஒரு ஓரமா உக்காந்திருந்தா, கைய இறுக்கிக் கோத்துக்கிட்டு. என் சட்டைப் பையப் பாத்துக் கண்ணக் காட்டினா. நான் பைலேருந்து அந்தப் பொட்டலத்த எடுத்து, ரெண்டு கண்ணுலயும் பயபக்தியா ஒத்திக்கிட்டு, மறுபடியும் பைல வச்சேன். அவ கண்ண மூடிக்கிட்டா. சாமி கும்பிடுறான்னு நெனச்சேன்.

புஸ்தகத்தத் திறந்தேன். தாளப் பாத்தேன். வாசிச்சேன். ஒரு தடங்கலும் இல்ல. 'துண்டு காய்ந்துவிடுகிறது'ன்னு முடிச்சப்ப ஹால்ல ரெண்டு மூணு பொம்பளைங்க தலைய ஆட்டினாங்க.

அத்தோட எறங்கியிருந்தா நான் மனுஷன்.

தொண்டையச் செருமிட்டு, மொதல் வரிசையப் பாத்துக்கிட்டு ஆரம்பிச்சேன். இந்தக் கவிதைல வர்ற ஆளு யாருன்னு எனக்குத் தெரியும்னேன். பின்னாலேருந்து தங்கப்பன் கூட்டம் கை தட்டிச்சு. இந்த ஆளு தன் பொண்டாட்டி காச்சல்ல கெடந்தப்பக்கூட காப்பி கேட்டவன்னேன். கை தட்டு பெருசாச்சு. அஞ்சு நிமிஷத்துல வாரேன்னு சொல்லிட்டு அர நாளு வராதவன், இவன் பொண்டாட்டிக்குப் பொறுமைக்குன்னு தனியா ஒரு விருது குடுக்கணும், இவனக் கட்டினதுக்கு அவ ஒரு மூட்டை வத்தலக் கட்டியிருக்கலாம், நாலு கொழம்புக்காவது ஆகியிருக்கும்னேன்.

ஹாலே சிரிக்குது. தூங்கின அம்மாவும் முழிச்சுச் சிரிக்காங்க. ஆறுமுகம் மச்சானுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. வெக்கத்த மறைக்கச் சிரிக்கான் பாருன்னு எனக்குள்ள ஒரே குளிர்ச்சி.

"இப்பேர்ப்பட்ட ஆளுங்க நம்ம நடுவுலதான் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்காங்க"ன்னு முடிச்சேன்.

அன்னைக்கு மச்சான் போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை. ஹால்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தது நான் ஒருத்தன்தான். அது எனக்கு அப்ப ஒறைக்கல.

பேராசிரியர் எந்திரிச்சு மைக்க வாங்கிட்டார். கண் கலங்கியிருந்தார். என் தோள்ல கை போட்டார்.

"கவிதையில் வரும் கணவரே மேடையேறி, தன்னைத் தானே இப்படி நார் நாராகக் கிழித்துக்கொள்வதை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. இந்த நேர்மைக்கு முன்னால் நாங்கள் எல்லாம் எம்மாத்திரம்! இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அம்மையார் எழுதிவிட்டார். கேளுங்கள்."

வாசிச்சார்.

"இருபத்திரண்டு வருடங்களாக எல்லாவற்றையும் வாசித்துவிட்டதாகச் சொல்லிவரும் என் கணவருக்கு."

மொதல் பக்கம். ரெண்டே வரி. ஒரு எழுத்தக்கூட மாத்தாதன்னு நான் சொன்ன பக்கம்.

காப்பி. அஞ்சு நிமிஷம். துண்டு. காலையில குளிச்சிட்டு வந்து நான் துண்டக் கட்டில்ல போடுறேன், சாயங்காலம் அது கொடியில கெடக்கு. எப்படி அங்க போச்சுன்னு இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது நான் யோசிச்சிருப்பேனா? துண்டு தானா நடந்து போகுமா? ஜனங்க எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. நான் மேடைல வெலவெலத்து நின்னது அவங்களுக்கு அடக்கமாத் தெரிஞ்சிருக்கு.

எறங்கி வந்தா ஆறுமுகம் மச்சான் என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். மாப்ள, ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன், தன்னைத் தானே இப்படிக் கேலி பண்ண ஒரு தைரியம் வேணும்னார். பார்வதி பக்கம் திரும்பி, "ஒன் வீட்டுக்காரருக்கு நல்லாவே ஏறியிருக்கு புள்ள"ன்னார். தல குனிய வேண்டியது அவ இல்லன்னு ஆச்சு. அந்த மட்டுக்கும் தப்பிச்சேன்.

தங்கப்பன் போகும்போது பார்வதியப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு, புஸ்தகத்துல ஒண்ண வாங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிட்டான்.

எல்லாரும் சாயா குடிக்கப் போனப்ப பார்வதி பக்கத்துல வந்தா. என் சட்டைப் பைல கைய விட்டு அந்தப் பொட்டலத்த எடுத்தா. பிரிச்சா. உள்ள விபூதி இல்ல. தாள்தான். அதுல மலையாளத்துல என்னமோ எழுதியிருந்துச்சு. கோணல் மாணலா, ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுதின மாதிரி. பார்வதி கையெழுத்து.

வாசிச்சேன். எழுத்து மலையாளம், பாஷை தமிழ்.

*வந்த புதிதில்*
*கடைத்தெருவைக் காட்டிச் சொன்னார்:*
*உப்புக்கு இங்கேயும் உப்புதான் பேர்,*
*புளிக்குப் புளிதான்,*
*பயப்படாதே.*
*அன்றிலிருந்து எனக்கு*
*இது அயலூர் இல்லை.*

புஸ்தகம் முழுக்க என்னைப் பத்தி நல்லதா இருந்தது இது ஒண்ணுதானாம். அதத் தேடிப் பிடிச்சு, தனக்குச் சரியா வராத எழுத்துல உக்காந்து எழுதி, என் நெஞ்சுக்கு மேலயே வச்சு அனுப்பியிருக்கா. நான் அதக் கண்ணுல ஒத்திக்கிட்டுத் திருப்பி வச்சிருக்கேன்.

வெக்கமா இருந்துச்சு. எப்பத்துலேருந்து தெரியும்னு கேட்டேன்.

"கண்ணீர் அஞ்சலி படத்தப் பாத்து விருதுன்னு சொன்னீங்கல்லா, அன்னைக்கே தெரியும்"னா.

"பெறவு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க வாசிக்கக் கத்துக்கிட்டிருப்பீங்க. நான் இவ்வளவு தைரியமா எழுதியிருக்க முடியுமா?"

எனக்கு இருந்த வாயெல்லாம் மேடைலயே செலவாயிருச்சு.

இப்ப தெனமும் மத்தியானம் கடைல தங்கப்பன் எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தாரான், வத்தல் மூட்டைய வச்சு. சாக்குல இருக்குற 'குண்டு'ங்குறத நேத்து நானே வாசிச்சேன். புஸ்தகத்துல இன்னும் நூத்துச் சொச்சம் பக்கம் பாக்கி இருக்கு. என்னப் பத்தி பார்வதி என்னென்ன எழுதியிருக்கான்னு தங்கப்பன் வாயால கேக்குறத விட என் கண்ணால பாக்குறது மரியாதை.

இன்னைக்குக் காலையில குளிச்சிட்டு ஈரத் துண்டோட பழக்க தோஷத்துல கட்டில் பக்கம் போனேன். பார்வதி மேசைல நோட்டோட உக்காந்திருந்தா. பேனா மூடியக் கழட்டினா.

நான் நேராக் கொடிக்குப் போயிட்டேன்.